கதவைச் சாத்தினால் அடிக்காத மணி

செய்யாத தவறுக்காக ஒருவர் தொழிலை இழந்து ஊரை விட்டுப் போனார். அந்தத் தவறைச் செய்தவன் நான். அதை அவர் தலையில் போட்டவனும் நான்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் கடந்துவிட்டேன். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், திருமயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமான பிறகு சென்னையை விட்டுக் குடும்ப வீட்டுக்கே வந்துவிட்டேன். எங்கள் ஊர் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முன்பகுதியை முகப்பு என்போம். அதைத் தாண்டினால் நடுவில் வானம் தெரியும் வளவு. வளவின் கோடியில் ஒரு பெரிய தேக்குக் கதவு, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு. முகப்பும் வளவும் என் பங்கு. இரண்டாம் கட்டு என் அண்ணன் பங்கு. அண்ணன் போன பிறகு அவர் மனைவி அங்கே தனியாக இருந்தார். ஆச்சி என்றுதான் எல்லோரும் அழைப்போம். எண்பதை நெருங்கியவர், காது மந்தம், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். ஒரே மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள்.

அந்த மகள்தான் ஒருநாள் போன் செய்து, அம்மா அறையில் ஒரு கேமராவும், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு பொத்தானும் வைக்கப் போவதாகச் சொன்னாள். ஆச்சிக்கு ஏதாவது என்றால் பொத்தானை அமுக்கினால் போதும். என் போனிலும் அவள் போனிலும் மணி அடிக்கும். இன்டர்நெட் இணைப்பு வாங்கிவிட்டாளாம், ஆளும் சொல்லிவிட்டாளாம். "நீங்க கூட இருந்து பாத்துக்கங்க சித்தப்பா, போதும்" என்றாள். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கடைசியில் என்னிடம் சொல்கிறாளே என்று எனக்குள் ஒரு முறைப்பு. அது சின்ன விஷயம்தான். ஆனால் பிறகு நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

வேலைக்கு வந்தவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். திருமயத்தில் சின்னக் கடை வைத்திருந்தார். எங்கள் ஊரில் பாதி வீடுகள் பூட்டியே கிடக்கும். உரிமையாளர்கள் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருந்தபடி தங்கள் வீட்டு வாசலைப் போனில் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை இவர் மாட்டியவை. சாவியையே இவரிடம் கொடுத்துவிட்டுப் போகும் வீடுகள் இருந்தன. இந்தத் தொழிலில் அந்த நம்பிக்கைதான் முதல்.

தெருக் கம்பத்திலிருந்து வந்த இணைப்பு முகப்பில் முடிந்தது. அங்கே ரவுட்டரை வைத்துவிட்டு, கையில் போனைப் பிடித்தபடி அவர் வீட்டுக்குள் நடந்தார். வளவு வரைக்கும் சிக்னல் இருந்தது. இரண்டாம் கட்டுக்குள் நுழைந்ததும் செத்துவிட்டது. வெளியே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். எங்கள் சுவரின் கனம் இரண்டு செங்கல் மூன்று செங்கல் கணக்கு இல்லை. ஒரு ஆள் படுக்கலாம்.

"வைஃபைங்கிறது பேச்சுச் சத்தம் மாதிரி சார்" என்றார். "இங்கிட்டு நின்னு கத்துனா, கதவு தொறந்திருந்தா அங்கிட்டுக் கேக்கும். இந்தச் செவுத்தைத் தாண்டி எவ்வளவு கத்துனாலும் கேக்காது. ஒயர் இழுத்துட்டோம்னா காதுல வாய வச்சுப் பேசுற மாதிரி. ஒரே ஒரு ஓட்டை போட்டாப் போதும். சுண்டுவிரல் அளவு."

"கூரை மேல கொண்டுபோக முடியாதா?"

"கொரங்கு ஊஞ்சல் கட்டி ஆடிரும் சார். போன மாசம் பக்கத்துத் தெருவுல மூணு தடவ பிச்சுப் போட்டுருச்சு. இப்பல்லாம் என்னைப் பாத்தாலே அதுங்க சிரிக்குது."

நான் சிரிக்கவில்லை. அந்தச் சுவரில் இருந்தது என் அப்பா காலத்து வெள்ளைப் பூச்சு. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்தது. இன்றைக்கும் முகம் பார்க்கலாம். வீடு பார்க்க வரும் விருந்தாளிகளின் கையைப் பிடித்து அதைத் தடவிப் பார்க்க வைப்பது என் வழக்கம். அதில் டிரில்லிங் மெஷினா? முடியாது என்றேன். கம்பியில்லாமலே செய்யச் சொன்னேன்.

அவர் மறுபடி ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு வளவின் கடைசித் தூணில் இன்னொரு சின்னக் கருவியை மாட்டினார். ரவுட்டரின் சிக்னலை வாங்கி அது முன்னால் தள்ளிவிடும். தேக்குக் கதவு திறந்திருந்தபோது ஆச்சி பொத்தானை அமுக்கினார். என் சட்டைப்பையில் மணி அடித்தது. அவர் கதவைச் சாத்திவிட்டு மறுபடி அமுக்கச் சொன்னார். கனத்த தேக்கு, உள்பக்கம் முழுக்க இரும்புப் பட்டை. மணி அடிக்கவில்லை. என்னை நிற்க வைத்து இதை இன்னொரு முறை செய்து காட்டினார்.

"கதவைச் சாத்துனா இது இருந்தும் இல்லாத மாதிரிதான் சார். எனக்கு மனசு ஒப்பலை. பெங்களூர் அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரவா?"

"நான் சொல்லிக்கிறேன். கதவு தொறந்தேதான் இருக்கும்" என்றேன்.

சொல்லவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஒயர் இழுக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால், ஓட்டை போடு என்று அங்கிருந்தே உத்தரவு போட்டுவிடுவாள் என்பது என் பயம்.

கொஞ்ச நாள் கதவு திறந்தே இருந்தது. பிறகு, மத்தியானங்களில் எப்போதாவது சாத்துவேன். காரணம் ஆச்சியின் டிவி. காது மந்தம் என்பதால் சீரியலை ஊருக்கே கேட்கும்படி வைப்பார். நான் முகப்பில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரமும் அதுதான். அப்படிச் சாத்திய நாட்களில் பெங்களூரிலிருந்து போன் வரும். "சித்தப்பா, கேமரா வரலையே?" என்பாள். "கரண்ட் போயிருக்கும்மா" என்பேன். எழுந்து போய்க் கதவைத் திறப்பேன். மூன்று நான்கு முறை இப்படி ஆன பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எங்கள் ஊர்க் கரண்ட் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம். டிவியில் யாரோ யாரையோ அறைந்து, ஒரு கூட்டமே அழுதுகொண்டிருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தேன். அரை மணி நேரம், பிறகு திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கண் அசந்தபோது நண்பர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். புதுக்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. கூடவே வரச் சொன்னார். முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கதவு நினைவிலேயே இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பினேன். வளவில் கால் வைத்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. தேக்குக் கதவு சாத்தியிருந்தது. ஆச்சி வழக்கமாக அந்த நேரத்தில் வந்து வளவில் விளக்கைப் போடுவார். போடவில்லை. கதவைத் தள்ளித் திறந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தம் மிகக் குறைவாக இருந்தது. குளியலறை வாசலில் ஆச்சி ஒருக்களித்து விழுந்து கிடந்தார். ஒரு கால் பார்க்கக் கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கட்டை விரல் அந்தப் பொத்தானின் மேலேயே இருந்தது.

நான் வேதியியல் படித்தவன். எதற்கும் நிதானம் இழக்காதவன் என்று பெயர் வாங்கியவன். 108க்குப் போன் செய்ய எனக்கு விரல் வரவில்லை. வாசலுக்கு ஓடிப் போய்த் தெருவில் போனவரைக் கூப்பிட்டு, போனை அவர் கையில் கொடுத்தேன்.

இடுப்பு எலும்பு முறிவு. புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. மறுநாள் காலை மகள் வந்து சேர்ந்தாள். ஐ.சி.யு வாசலில் இருந்த பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது முடித்திருந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"பட்டன் ஏன் வேலை செய்யலை சித்தப்பா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அந்த ஆள் போட்ட லட்சணம் அப்படி. எனக்கு அன்னைக்கே திருப்தி இல்லை."

எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னை அதிர வைக்கிறது. முன்கூட்டி யோசிக்கவில்லை. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூட என்னை நான் கொஞ்சம் புரிந்துகொண்டிருப்பேன்.

அவள் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய், போனில் வேகமாக ஏதோ எழுதினாள். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லா நாட்டிலிருந்தும் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதில் கேமரா மாட்டியவரின் பெயர், கடை, படம் எல்லாம் போட்டு, "என் அம்மா உயிரோடு விளையாடியவர். தயவுசெய்து யாரும் இவரை வீட்டுக்குள் விடாதீர்கள்" என்று எழுதியிருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் சொன்னதைத்தான் அவள் எழுதினாள்.

அந்த வாரத்துக்குள் எங்கள் ஊர் வீடுகள் ஒவ்வொன்றாக அவரிடம் கேமரா பாஸ்வேர்டுகளையும் சாவிகளையும் திருப்பிக் கேட்டன. பூட்டிய வீட்டுக்குள் ஒருவரை நம்பி விடுகிறவர்கள், சந்தேகம் வந்துவிட்டால் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அவர் என்னைத் தேடி வந்தார். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே கூப்பிட எனக்குத் தோன்றவில்லை.

"சார், குரூப்புல போட்டதைப் பாத்தேன். எனக்கு வேற எதுவும் வேணாம். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஒயர் போடணும்னு நான் சொன்னேன்ல? கதவைச் சாத்திக் காமிச்சேன்ல?"

நான் அவருடைய நெற்றியைப் பார்த்தேன். கண்ணைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லையேப்பா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை.  நான் உண்மையாகவே மறந்துவிட்டேனோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது போல முகம் மாறியது. வயதான மனிதர், இருக்கலாம் என்று நினைத்திருப்பார். "சரிங்க சார். ஆச்சியப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருடங்களுக்கு முன் படித்த மாணவர்களின் பதிவெண்ணைக்கூடச் சொல்லுவேன் என்று பெருமையடித்த நான், அன்றைக்கு என் நினைவாற்றலை இப்படிப் பயன்படுத்திக்கொண்டேன்.

மகள் ஆச்சியைப் பெங்களூருக்குக் கூட்டிப் போனாள். அவர்கள் போன பிறகு திருச்சியிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வந்தார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மெஷினை வைத்து அந்த வெள்ளைப் பூச்சுச் சுவரில் ஓட்டை போட்டார்கள். கொஞ்சம் தூசி விழுந்தது, பெருக்கித் தள்ளினார்கள், நீல நிற ஒயர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.  எதைக் காப்பாற்ற அந்த மனிதரிடம் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேனோ, அது ஒரு காபி ஆறும் நேரத்துக்குள் முடிந்துபோனது.

மழைக்காலம் முடிந்ததும் ஆச்சி ஊருக்கே வரவேண்டும் என்று அடம் பிடித்துத் திரும்பி வந்தார். வாக்கரை வைத்து நடந்தார். துணைக்கு வீட்டோடு ஒரு அம்மாவை வைத்தார்கள். தை மாதம் ஒரு காலை, வளவில் வெயில் காய உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்குக் கதவத் தெரிஞ்சுதான் சாத்துனீங்களா?"

எனக்குப் புரியவில்லை என்பது போலப் பார்த்தேன்.

"கதவு சாத்துனா மணி அடிக்காதுன்னு அந்தப் புள்ள என்கிட்டயும் சொல்லிச்சு. ரெண்டு மூணு தடவ சொல்லிச்சு. நீங்க சாத்துற சத்தம் எனக்கே கேட்டுச்சு. சரி, டிவி சத்தம் பிடிக்கல போலன்னு கொறச்சு வச்சேன். நீங்க தொறக்கல. அப்பறம் விழுந்துட்டேன். பட்டன் அடிக்காதுன்னு தெரியும். தெரிஞ்சும் அமுக்கிக்கிட்டே கெடந்தேன்."

 அவர் எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில், பெங்களூரில், இத்தனை மாதங்கள், நான் வேண்டுமென்றே கதவைச் சாத்தியிருக்கலாம் என்ற எண்ணத்தோடு இருந்திருக்கிறார். அந்த எண்ணத்தோடுதான் மறுபடி இந்த வீட்டுக்கே, எனக்குப் பக்கத்திலேயே வாழ வந்திருக்கிறார்.

"மக கிட்டச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னா ஒங்க ரெண்டு பேருக்கும் ஆகாமப் போயிரும். எனக்குப் பக்கத்துல இருக்கறது நீங்க ஒருத்தர்தான." வாக்கரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார். "சத்தத்தக் கொறைங்க ஆச்சின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தம்பி?"

எதிரே தரையில் உட்கார்ந்தேன். வேண்டுமென்று சாத்தவில்லை, தூங்கத்தான் சாத்தினேன், மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா, தெரியாது. அப்போதுதான் அவர், "அந்தப் புள்ளையப் பத்தி ஏதோ குரூப்புல போட்டாங்களாமே, இந்தம்மா சொல்லுது. நெசமா?" என்று கேட்டார். அதுவரை அவருக்கு அது தெரியாது.

அன்றே பெங்களூருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை போட விடாதது, கதவு, கல்யாணம், பெஞ்சில் சொன்ன பொய், வாசற்படியில் சொன்ன பொய்.  இணைப்புப் போய்விட்டதோ என்று இரண்டு முறை பார்த்தேன். கடைசியில், "வச்சுர்றேன் சித்தப்பா" என்றாள். அவ்வளவுதான். ஆனால் சாயங்காலத்துக்குள் தன் பழைய செய்திக்குக் கீழே, தவறான தகவல் என்று எழுதி அவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தாள். தகவல் தந்தவர் யார் என்று எழுதவில்லை.

அதை நான் எழுதினேன். குழுவில் என் பெயரிலேயே, நடந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிப் போட்டேன். திட்டுகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். வந்தவை கும்பிடும் கைகள். "இந்த வயதில் இப்படி ஒப்புக்கொள்ள எத்தனை பெரிய மனசு வேண்டும்." "ஐயா, நீங்கள்தான் உண்மையான ஆசிரியர்." கோவையிலிருந்து ஒருவர் கண்ணீர் விட்டதாக எழுதினார். வரிசையாக வந்துகொண்டே இருந்தன. படிக்கப் படிக்க எனக்கு உடம்பு கூசியது. அத்தனை பேரில் ஒருவர்கூட அந்த மனிதர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்கவில்லை.

போன் செய்து பார்த்தேன். என் அழைப்பை அவர் எடுக்கவில்லை. திருமயத்தில் கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடையில் விசாரித்ததில், கட்டுமாவடியில் ஏதோ ஐஸ் கம்பெனியில் ஒரு காண்ட்ராக்டரிடம் ஒயர் இழுக்கும் வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள். அறந்தாங்கி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனேன்.

மீன் ஏலம் முடிந்து கரை ஓய்ந்திருந்தது. ஐஸ் கம்பெனிக்குப் பக்கவாட்டில் ஏணி போட்டு மேலே நின்றிருந்தார். வாயில் ஒயர் கிளிப்புகளைக் கவ்வியிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஆச்சி நடக்குறாங்களா சார்?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

நடக்கிறார் என்றேன். பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, அன்றைக்கும் இருந்தது என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். சுமை தூக்கும் ஒருவர் அந்தப் பக்கமாகப் போகும்போது, "என்ன மாப்ளே, வாத்தியார் வந்து அடிக்கப் போறாரா?" என்று சிரித்துவிட்டுப் போனார். இவர் சிரிக்கவில்லை.

"குரூப்புல எல்லாத்தையும் எழுதிட்டேன். வீட்டுக்கு வீடு நானே பேசுறேன். ஒங்க வேலையெல்லாம் திரும்ப..."

"வேலை கெடக்கு சார். இங்கயும் ஒயருதான், அங்கயும் ஒயருதான்." ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னார். "எனக்கு ஒண்ணு செய்வீங்களா? என் மாமனாரு அன்னவாசல்ல பலசரக்குக் கடை வச்சிருக்காரு. என் வீட்டுக்காரியும் பொண்ணும் அங்கதான் இருக்காங்க. கெழவியச் சாகப்போட்டவன்னு அவரு என்னை வீட்டுக்குள்ள விட்டு மாசக்கணக்காச்சு. இதை அங்க வந்து சொல்லுங்க. கடையில ஆளு இருக்கும்போது சொல்லுங்க."

"நீங்களும் வாங்களேன்."

"நான் வரமாட்டேன். நான் நிறையத் தடவ சொல்லிட்டேன்."

அந்த வாரமே அன்னவாசல் போனேன். சந்தை நாள், கடையில் நல்ல கூட்டம். மாமனார் தராசின் பின்னால் நின்றபடியே, "என்ன வேணும் சொல்லுங்க, என்ன வேணும்?" என்றார். நான் யார் என்று சொன்னேன். பிறகு, பருப்புக்கும் எண்ணெய்க்கும் காத்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால், உங்கள் மருமகன் எந்தத் தவறும் செய்யவில்லை, அவர் எச்சரித்ததை நான் கேட்கவில்லை, எச்சரித்ததே நினைவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன் என்றேன்.  ஒரு அம்மா, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, பின்னாடி கேக்கல" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

மாமனார் கை துடைத்துக்கொண்டார். "படிச்சவுக நீங்க. இதைச் சொல்ல இத்தனை மாசமா?" என்றார்.  அடுத்தவருக்குச் சர்க்கரை நிறுக்கத் தொடங்கினார்.

கடைக்குள்ளிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பெண் நின்றிருந்தார். அந்த மனிதரின் மனைவி என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அவரு சொன்னாரு" என்றார். "கதவு கதவுன்னு சொன்னாரு. வாத்தியாரு பொய் சொல்லுவாரா, நீங்கதான் மழுப்புறீங்கன்னு நானும் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கெடுத்தது அந்த மனிதரின் தொழிலையும் மாமனாரிடம் அவர் பேரையும் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். திருத்திவிடலாம் என்றும் நினைத்திருந்தேன். என் படிப்பும் வயதும் சேர்ந்து ஒரு பெண்ணைத் தன் கணவரை நம்ப விடாமல் செய்திருக்கின்றன என்பது அந்தக் கடை வாசலில்தான் எனக்குத் தெரிந்தது.  யாரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். உட்காரவில்லை; வந்த வழியே நடந்தேன்.

பிறகு நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வீட்டுக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். சிலர் அவரை மறுபடி கூப்பிட்டார்கள். சிலர், "இப்ப இருக்கறவங்களே நல்லாத்தான் செய்றாங்க சார், விடுங்க" என்றார்கள். கூப்பிட்டவர்களிடம் அவர் போகவில்லை. அந்த ஊர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கட்டுமாவடியிலேயே கடற்கரையோரமாகச் சொந்தக் கடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மனைவியும் மகளும் அங்கே போய்விட்டார்கள் என்று மாமனார் கடைக்குப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவர்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்குக் கேட்கும் தகுதி இல்லை. அண்ணன் மகள் ஆச்சியின் மருந்து, மாத்திரை பற்றி மட்டும் என்னிடம் பேசுகிறாள். ஆச்சி எப்போதும்போலப் பேசுகிறார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருக்கிறது.

அந்தக் குழுவில் என்னைப் பாராட்டிய செய்திகள் இன்னும் இருக்கின்றன; தவறு செய்துவிட்டு ஒப்புக்கொண்ட எனக்கு அத்தனை நல்ல வார்த்தைகளை வைத்திருந்த உலகம், ஒரு தவறும் செய்யாமல் உண்மையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்ன அந்த மனிதரை நம்ப என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காக ஏன் காத்திருந்தது என்று கேட்டுக்கொண்டேதான் என் மிச்ச நாட்கள் போகின்றன.